மூன்று நாளில் ஒரு புகைப்பெட்டி

தர்யோனோ அன்று காலை சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து நின்றான். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய செய்தி அல்ல அது.

"வினார்சி, நல்லாக் கேட்டுக்கோ. நான் சிகரெட்டை விடப் போறேன்."

இருபத்திரண்டு வருஷமாக நாளுக்கு ஒன்றரைப் பெட்டி கிராம்புச் சிகரெட் ஊதித் தள்ளிய மனிதன். காலையில் அவன் இருமும் இருமலில்தான் சோலோ நகரத்தின் அந்தச் சந்து முழுக்கக் கண் விழிக்கும். வாணலியில் டெம்பே என்னும் சோயாக் கட்டித் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது எத்தனாவது தடவைங்க?"

"இது வேற. அப்பெல்லாம் வெறும் மனசால விட்டேன். இந்தத் தடவை கையால விடப் போறேன்."

"கையாலயா?"

"ஆமா. வேப் ஒண்ணு, அதான் பேட்டரி சிகரெட், செய்யப் போறேன். பேட்டரி, உள்ள இருக்கற சில்லு, சூடாகற கம்பி, இது மட்டும்தான் கடையில. மத்ததெல்லாம் என் கை. பெட்டி புளிய மரத்து வைரத்துல. வாய்க்குழல் எருமைக் கொம்புல. கதவு காந்தம் வச்சுக் கிளிக்னு மூடும். கூண்டு செய்யற தர்யோனோ கடைப் பொருளை வாயில வச்சுட்டுத் திரியலாமா?"

நியாயமான கேள்விதான். அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு பறவைக் கூண்டு செய்கிறார்கள். ஆனால் பாட்டுப் போட்டிக்குப் பறவை கொண்டுபோகிறவர்கள் தேடி வருவது தர்யோனோவின் கூண்டைத்தான். அவன் செய்த கதவைச் சாத்தினால் எங்கே திறக்கும் என்று பறவைக்கே தெரியாது.

அவன் மனைவியிடம் சொல்லாத பாதி ஒன்று இருந்தது. வீட்டுக்குள் வேப். பட்டறையில் பழைய கிராம்புச் சிகரெட். வேப்பில் ஊற்றப்போவது பலாப்பழ வாசனைத் திரவம். பலாப்பழம் முன்னால் மணந்தால் கிராம்பு பின்னால் ஒளிந்துகொள்ளும். வினார்சியின் மூக்கு என்னதான் செய்துவிடும்? இந்த யோசனை உதித்த அன்று தன் மூளையை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"ரொம்ப நல்லதுங்க," என்றாள் வினார்சி. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "எத்தனை நாள் வேலை?"

"மூணே நாள்."

"அந்த மூணு நாளும் சிகரெட் உண்டா?"

"அது வந்து... வேப்பைப் பத்த வைக்கற அன்னைக்குத்தான் விடறதா..."

"வார்னிஷும் தின்னரும் வச்சுக்கிட்டு வேலை செய்யற இடத்துல நெருப்பா? மூணு நாள்தானே. ஒரு கூண்டுக்கு ஆறு மாசம் உக்காந்து வேலை செய்யறவருக்கு மூணு நாள் பெரிய விஷயமா?"

"மூணு நாள் எனக்குத் தூசு!"

"அப்போ ராடென் மேல சத்தியம் பண்ணுங்க."

ராடென் அவர்கள் வீட்டு வாசலில் தொங்கும் பாட்டுக்காரப் பறவை. கறுப்பும் செம்பழுப்புமான உடம்பு, நீள வால், மூன்று போட்டிகளில் முதல் பரிசு. தர்யோனோவுக்குப் பிள்ளை இல்லாத குறையை அதுதான் தீர்த்துவைத்தது. அவன் கூண்டின் மேல் கை வைத்தான்.

"வேப் முடிஞ்சு, நல்ல நாள் பாத்து முதல் இழுப்பு இழுக்கற வரைக்கும் நான் எதையும் புகைக்க மாட்டேன். புகைச்சா ராடென் குரல் அடைச்சுப் போகட்டும்."

சொன்ன பிறகுதான் அவன் ராடெனை நிமிர்ந்து பார்த்தான். ஆனாலும் மூன்று நாள்தானே!

மூன்று நாளில் முடித்தும்விட்டான். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. கறுப்பு வரி ஓடிய கருஞ்சிவப்பு வைரம். வாயெல்லாம் ஊற, அதை ஏந்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினான்.

வினார்சி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வாழையிலையில் ஈர்க்கு அகலம் கிழித்தாள். பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே விட்டாள். இலை உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தது.

"உங்க கூண்டுக் கதவுல எறும்பு நுழையாது. இதுல வாழையிலை நுழையுதேங்க."

"அது... காந்தத்துக்காகக் கொஞ்சம் இடம் விட்டேன்."

"ஓ. அப்படின்னா சரி. பாக்கறவங்க கேட்டா காந்தத்துக்காகன்னு சொல்லிடலாம்."

சொல்லிடலாம் என்று அவள் சொன்ன விதம் அவன் மானத்தில் நேராகக் குத்தியது. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனான். புதுக் கதவு அறுத்தான். அரத்தால் ஒரு தேய்ப்பு, வைத்துப் பார்ப்பு, மறுபடி ஒரு தேய்ப்பு. ஆறாம் நாள் இலை நுழையவில்லை.

நடுவில் ஐந்தாம் நாள் ஒரு சோதனை வந்தது. பட்டறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரம், சட்டைப் பையில் மறந்துபோன சிகரெட் ஒன்று. அதை உதட்டில் வைத்தான். தீக்குச்சியை எடுத்தான். வாசலில் பாடிக்கொண்டிருந்த ராடென் சட்டென்று பாட்டை நிறுத்தியது.  தர்யோனோ சிகரெட்டைத் தொட்டிக்குள் வீசிவிட்டு வாசலுக்கு ஓடினான். வினார்சி பறவைக்கு வெட்டுக்கிளி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மூச்சு வாங்குது?"

"ராடென் ஏன் பாடல?"

"வாயில வெட்டுக்கிளி இருக்கே."

அடுத்து வாய்க்குழல். கொம்பைக் கடைந்து, துளையிட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்தான். அவள் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் துளை வழியே அவனைப் பார்த்தாள்.

"உங்க இடது காது மட்டும் தெரியுது. துளை நடுவுல இருந்தா மூக்குத் தெரியணுமே?"

இன்னொரு கொம்பு. ஒன்பதாம் நாள் மூக்குத் தெரிந்தது.

பிறகு உப்புத்தாள். சொரசொரப்பில் ஆரம்பித்து மெல்லியதுவரை ஏழு வகை. அதன் மேல் வார்னிஷ், நாளுக்கு ஒரு பூச்சு. மழைக்காலம் வேறு. மூன்றாவது பூச்சில் நட்டநடுவே ஒரு கட்டைவிரல் ரேகை, மஞ்சள் நிறத்தில்.

"வினார்சி! இது யார் விரல்?"

"என்னோடதுதாங்க. காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்தேன். பாவம், நீங்க சிகரெட் இல்லாம எவ்வளவு தவிக்கறீங்க. சீக்கிரம் முடியணுமேங்கற ஆசைதான்."

இப்படிச் சொல்கிற பெண்டாட்டியை யார் திட்டுவது? அவன் தேய்த்தான். மறுபடி பூசினான். இரண்டு நாள் கழித்து அவள் ஆசை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தது.

பதினாறாம் நாள் பெட்டி முடிந்தது. இனி ஒரு குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு பார்ஜோ, தானும் கூண்டு செய்கிறவன், வாயில் சிகரெட்டோடு வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். சிகரெட் கீழே விழுந்தது.

"அண்ணே, இது வேப் இல்லண்ணே, நகை! இழுங்கண்ணே!"

"இருடா. நாள் பாக்காம புதுக் கூண்டுல பறவை விடுவோமா? இன்னைக்கு என்ன நாள்?"

"சனி பாஹிங்," என்றாள் வினார்சி நாட்காட்டியிடம் போகாமலே.

தர்யோனோ துள்ளினான். அவன் பிறந்ததே சனி பாஹிங்கில்தான். ஏழு நாள் வாரத்துச் சனிக்கும், ஊர் வழக்கத்து ஐந்து நாள் வாரத்துப் பாஹிங்குக்கும் உரிய எண்களைக் கூட்டினால் பதினெட்டு. அதற்கு மேல் கணக்கே கிடையாது. கல்யாணம் பேச வந்தபோது மாமனாரிடம் அவன் முதலில் சொன்னதே அந்தப் பதினெட்டைத்தான்.

"பாத்தியா! என் நாளே வந்து நிக்குது!"

"அதுதாங்க சங்கடம். பிறந்த நாள் திரும்பி வந்தா விரதம்தானே இருப்பாங்க? விரதத்துல புகையா?"

பார்ஜோ தலையை ஆட்டினான். "அது சரிதான் அண்ணே."

"அப்போ நாளைக்கு!"

"மத்தவங்களுக்கு நாளைக்குச் சரி. பதினெட்டுக்காரருக்கு ஏனோதானோ நாளெல்லாம் தாங்குமா?" அவள் விரல் விட்டு எண்ணினாள். நாட்காட்டியைப் பார்த்தாள். அவள் அப்பா ஊருக்கே நாள் குறித்துக் கொடுத்தவர், அவள் எண்ணும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. "வியாழன் லெகி. இன்னும் பத்தொன்பது நாள்."

"பத்தொன்பதா!"

"சாதாரண ஆளா இருந்தா நாளைக்கே கிடைக்கும். நீங்க பெரிய எண்ணுக்காரர்."

பெருமைப்படுவதா அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பாதிப் பாதி செய்தான்.

அந்தப் பத்தொன்பது நாளில் என்னென்னவோ நடந்தது. காலை இருமல் நின்றது. சந்துக்காரர்கள் அலாரம் வாங்கினார்கள். சோற்றில் எலுமிச்சை இலை போட்டிருப்பது அவன் நாக்குக்குத் தெரிந்தது. "இது புதுசா?" என்று கேட்டான். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து போடறேன்," என்றாள். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டான். மாலையில் பட்டறை வாசலில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முன்பெல்லாம் புகைக்குப் பயந்து இரண்டு வாசல் தள்ளித்தான் உட்காருவாள். அவள் தலையில் தேங்காயெண்ணெய் மணப்பதும் அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நல்லவள் இருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததைச் சொல்லவும் செய்தான். "எண்ணெய் சூடாயிடும்," என்று அவள் எழுந்து உள்ளே ஓடினாள்.

வியாழன் லெகி வந்தது. வினார்சி மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து வைத்தாள். சந்து ஆண்கள் எல்லோரும் கூடினார்கள், பார்ஜோவின் மனைவி துமினியும் பெண்களோடு வந்து நின்றாள். பெட்டி கை மாறி மாறிப் போயிற்று. கிளிக், கிளிக் என்று ஆளுக்கு ஒரு தடவை கதவை மூடிப் பார்த்தார்கள்.

தர்யோனோ வாய்க்குழலை உதட்டில் வைத்தான். பொத்தானை அழுத்தினான். முப்பத்தைந்து நாள் ஏக்கத்தையும் சேர்த்து ஒரே இழுப்பு.

பலாப்பழம் நெஞ்சுக்குள் வெடித்தது. இருமினான். கண்ணில் நீர், மூக்கில் நீர். வெல்லப்பாகில் தலைகீழாக விழுந்தவனாட்டம் திணறினான். வினார்சி முதுகைத் தடவினாள். பார்ஜோ ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து நீட்டினான், நல்லெண்ணத்தில்தான். அந்த வாசனை பட்டதும் தர்யோனோ மஞ்சள் சோற்றைத் தாண்டி ஓடிப் போய்க் கிணற்றடியில் குனிந்துவிட்டான்.

திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறதே.

"எல்லாரும் பாத்துக்குங்க. இதையும் விட்டேன், அதையும் விட்டேன். யாரும் சொல்லி இல்ல. யாரும் தடுத்து இல்ல. இது ஒரு ஆம்பளையோட மனவுறுதி!"

"ஆமாங்க," என்றாள் வினார்சி. "எனக்குக் கூடத் தெரியாது பாருங்க."

கூட்டம் கலைந்தது. துமினி மட்டும் தயங்கி நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்கணும். அவர்கிட்டச் சத்தியம் நான் வாங்கிட்டேன்."

தர்யோனோ பூரித்துப் போனான். வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்பியது.

"தாராளமா செஞ்சுடலாம்மா. எந்த மரத்துல வேணும்? புளியா, தேக்கா, பலாவா?"

துமினி அடுக்களை வாசலில் நின்ற வினார்சியை ஒருமுறை பார்த்தாள். பிறகு, சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிற பெண்போலச் சொன்னாள்:

"எந்த மரமா இருந்தா என்ன அண்ணே. ரொம்ப நாள் இழுக்கற மரமா பாத்துப் போடுங்க."