முதல் பாட்டைத் தாண்டிப் போகிறவர்

எந்தக் கலைஞருக்கும் எதிரிகள் இருப்பார்கள். அவர்களைச் சமாளித்துவிடலாம். பதிலுக்குத் திட்டலாம், வழக்குப் போடலாம், ஒன்றுமில்லாவிட்டால் அவர்களுக்கு முன்னால் செத்துப்போகாமல் இருந்து பழிவாங்கலாம். ஆனால் எதைக் கொண்டும் சமாளிக்க முடியாத ஓர் இனம் உண்டு. மூத்த ரசிகர் என்று பெயர்.

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு பனியன். அதன் நடுவே துவைத்துத் துவைத்து நரம்பெல்லாம் மறைந்துபோன ஒரு கிட்டார் படம். இந்தப் பாடகரை ஊரில் யாருக்கும் தெரியாத காலத்திலேயே தனக்குத் தெரியும் என்பதை, பஸ்ஸுக்காகப் பக்கத்தில் நிற்பவரிடம்கூட இரண்டாவது வாக்கியத்தில் சொல்லிவிடும் அவசரம். ஒரே பாட்டு அவரிடம் பல விதமாக இருக்கும். ஸ்டூடியோவில் பாடியது, மேடையில் பாடியது, மேடையில் மழையோடு பாடியது, ஜலதோஷத்தோடு பாடியது, கரண்ட் போனதால் பாதியில் நின்றது. இதில் கடைசியாகச் சொன்னதுதான் உசத்தி. ஏன் என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லுவார்.

ராக் பாடகர்களுக்கு வயதானால் ஒரு வழக்கம் வந்துவிடும். முழு ஆல்பம் போடத் தெம்பு இருக்காது. புதிதாக ஒரே ஒரு பாட்டை எழுதி, அதைத் தனியாக, 'சிங்கிள்' என்று வெளியிடுவார்கள். ஒற்றைப் பாட்டை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்காரர் பயந்து, பழைய சரக்கைக் கிளறி நாலு பாட்டைப் பின்னால் சேர்த்துவிடுவார். அவைதான் போனஸ் பாட்டுகள். மூத்த ரசிகர் கடைக்கு ஓடுவது அந்த நாலுக்காகத்தான். சோப்பு வாங்கினால் டப்பா இலவசம் என்றால், டப்பாவை எடுத்துக்கொண்டு சோப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிற மனிதர் அவர்.

என் பல் டாக்டர் இந்த இனத்தில் முதல் தரம். தொழிலில் கெட்டிக்காரர். பல் பிடுங்கினால் வலியே தெரியாது, பேச்சுதான் வலிக்கும். நோயாளியின் வாய் திறந்திருக்கும்வரை டாக்டரின் வாய் மூடாது. சுவரில் ஒரு ஸ்பீக்கர் எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். "இதைக் கேளுங்க, இப்ப ஒரு இருமல் வரும் பாருங்க" என்பார். இருமல் வரும். "வந்துச்சா?" நாம் என்ன சொல்ல முடியும்? மறுத்துப் பேச வழியில்லாத சபை வேறு எந்தத் தொழிலில் கிடைக்கும், சொல்லுங்கள்.

அவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் பாடகரை ஊரே 'இடி' என்றுதான் கூப்பிடும். இளமையில் அந்தக் குரலுக்கு வைத்த பெயர். இப்போது எழுபதைத் தாண்டியாயிற்று. இடி சற்றுத் தூரத்தில் கேட்கிறது. அவருடைய மேல்வரிசைப் பல்செட் என் டாக்டர் கட்டியது. அந்த உரிமையில் டாக்டர் தன்னைப் பாதிப் பாடகராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் வீங்கிய கன்னத்தோடு நான் காத்திருந்தபோது, இடி தன் மனைவியோடு வந்தார். அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"பல்லெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. லூசா இருக்குன்னு ஒரு சாக்கு. புது சிங்கிளைப் பத்தி டாக்டர் வாயால ஒரு வார்த்தை கேக்கணும், அதுக்குத்தான் வந்திருக்கார்."

"அப்படியா?"

"பழைய பாட்டெல்லாம் இப்ப மேல ஏற மாட்டேங்குது. மிச்சம் இருக்கிற குரலுக்குன்னே உக்காந்து எழுதினார் இதை. சனிக்கிழமை பெரிய ஷோ இருக்கு. டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னா பாடுவாராம். இல்லேன்னா எழுதறதையே இதோட விட்டுடறேங்கறார்." கைப்பையின் பிடியை முறுக்கினார். "விட்டுட்டு இந்த மனுஷன் வீட்ல என்ன பண்ணுவார்?"

எனக்குக் கன்னத்து வலி மறந்துபோயிற்று. அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். காதைத் தீட்டிக்கொண்டேன்.

"டாக்டர், புது சிங்கிள் கேட்டீங்களா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! வந்த அன்னிக்கே வாங்கிட்டேன். வாயைத் தொறங்க. அந்த நாலாவது போனஸ் இருக்கே, பழைய ஒத்திகை டேப்பு, நடுவுல டிரம்ஸ்காரரோட குச்சி கீழ விழுந்து உருளுதே... அழுதுட்டேன் சார்!"

"ஆ... ஆஆ..."

"அதேதான் சார்! அந்த உருள்ற சத்தத்துல ஒரு உண்மை இருக்கு. இன்னும் கொஞ்சம் தொறங்க."

அந்தக் குச்சி உருண்டது, உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது. அது எந்தப் பக்கமாக உருண்டிருக்கும் என்பதைப் பற்றியும் டாக்டருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஒருவழியாகக் கருவிகளைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"முதல் பாட்டு எப்படி டாக்டர்?"

"முதல் பாட்டா? ம்... ரெக்கார்டிங் ரொம்ப சுத்தம் சார். அட்டைப் படம் பிரமாதம்."

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனவர் தொட்டிலைப் பாராட்டினால் எப்படி இருக்கும்?

பிறகு இடி கேட்டார்: "கடைசியில குழந்தைங்க கோரஸ் வருதே, அது ஒட்டுதா?"

"அருமை சார்! உருகிட்டேன்!"

அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "அதுல கோரஸே கிடையாதுங்க. இவரும் ஒரு கிட்டாரும்தான்."

இடி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகம் தொங்கியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்களை ஆட்டிவைத்த மனிதர், கோட்டின் பட்டனைத் தப்பாக மாட்டிக்கொண்டு நின்றார். மனைவி எழுந்து அதைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டார். "விடுங்க" என்றார். வாசல்வரை போன இடி திரும்பிப் பார்த்து, "சனிக்கிழமை டாக்டருக்கு முன்வரிசையில ஒரு சீட் போடச் சொல்லு" என்றார். குரலில் ஏதோ இருந்தது. கோபம் என்று அப்போது நினைத்தேன்.

டாக்டர் தனியாகப் போவாரா? விளக்கம் கேட்க ஓர் ஆள் வேண்டுமே. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இடி பழைய பாட்டுகளை வரிசையாகப் பாடினார். குரல் ஏறாத இடங்களைக் கூட்டம் ஏற்றிவிட்டது. அரங்கம் அதிர்ந்தது, அரைத்த மாவையே அரைப்பதில் ஜனங்களுக்கு இருக்கும் ஆனந்தம் தனி. அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாத்தியக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"இப்ப ஒரு பாட்டு. இருபத்தி நாலு வயசுல எழுதினது. டேப்பு தொலைஞ்சு போச்சு. போன வாரம்தான் பரண்ல கிடைச்சுது. நீங்க யாரும் கேட்டிருக்க மாட்டீங்க."

இதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. நான் பக்கத்தில் பார்த்தேன். டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

*மாடிப் படியின் நடுவில் நின்றேன்,*
*ஏறவா, இறங்கவா, மறந்தே போனேன்.*
*மேலே யாரோ கூப்பிட்ட ஞாபகம்,*
*கீழே எதையோ வைத்த ஞாபகம்...*

அவரும் ஒரு கிட்டாரும்தான், டாக்டர் தாண்டிப் போன அதே முதல் பாட்டு. தாழ்ந்த குரல். கத்தல் இல்லை, அவசரம் இல்லை. உண்மையாகவே நல்ல பாட்டு, கேலி எழுத வந்த நானே சொல்கிறேன். டாக்டர் என் முழங்கையைப் பிடித்து நெரித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"இருபத்தி நாலு வயசுல வயசான மறதியை எப்படிங்க எழுதினார்! அதுதாங்க மேதை! இப்பத்த ஆளால இப்படி ஒரு வரி எழுத முடியுமா?"

"இப்பத்த ஆள்னா?"

"அவரேதாங்க! இப்ப அவருக்கு அந்த அனுபவம் ஏது?"

நான் முழங்கையை விடுவித்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் டாக்டர் மேடைக்குப் பின்னால் ஓடி, இடியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார், கெஞ்சிக் கேக்கறேன், அந்தப் பழைய பாட்டை வெளியிடணும். என்னை மாதிரி ஆளுங்க அதுக்குத்தான் சார் உயிரோட இருக்கோம்!" மனைவி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகை இல்லை.

"அதுக்கென்ன டாக்டர், போட்டுடலாம்" என்றார் இடி. "அடுத்த சிங்கிள்ல போனஸா வருது. ஆனா போனஸுக்கு முன்னாடி வைக்கப் புதுசா ஒரு பாட்டு வேணுமே. நாளைக்கே உக்காந்து எழுத ஆரம்பிக்கறேன்."

"எழுதுங்க சார், எழுதுங்க. அது எப்படி இருந்தாலும் பரவாயில்லை" என்றார் டாக்டர் பெருந்தன்மையோடு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் தம்பி புதிதாக வரைந்ததை ஆசையாக நீட்டியபோது, "நீ முன்னாடி ஒண்ணு வரைஞ்சியே, அது மாதிரி வராதுடா" என்று சொன்னது யார்? சரி, அது வீட்டு விஷயம், எனக்கெதற்கு. இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம், "பரவாயில்லை, ஆனா இந்த ஆளு முந்தியெல்லாம் இதைவிட நல்லா எழுதுவான்" என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். தாராளமாகச் சொல்லுங்கள். இதற்குமுன் நான் எதுவுமே எழுதியதில்லை.