கடலில் விளைந்த கத்தரிக்காய்

விளாத்திகுளம் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் மட்டும்தான் இறங்கினார். காய்கறி பயிரிடுவோர் சங்கத்து உறுப்பினர் ஒருத்தரைக்கூடக் காணோம். காத்து நின்ற செயலாளர் சிவனணைந்தபெருமாள் பஸ்ஸுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்.

"அங்கன ராத்திரி நல்ல மழை அண்ணாச்சி. விதைப்பை விட்டுட்டு எவன் கூட்டத்துக்கு வருவான்?" என்றார் கண்டக்டர்.

மழைக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் கைவைத்து உட்காருவதா? அந்த எழுபத்துமூன்றாம் வருஷம் மழைக்காக வேண்டாத சாமியில்லை. ஆனால் இன்றைக்குப் பார்த்துத் தோட்டக்கலை அதிகாரி தூத்துக்குடிக்கு வருகிறார். உறுப்பினர்களை நேரில் பார்த்தால்தான் சங்கத்துக்கு அங்கீகாரம். அது கிடைத்தால்தான் மார்க்கெட்டில் சொந்தக் கடை. இல்லையென்றால் இந்த வருஷமும் தரகன் வைத்ததுதான் விலை.

பெருமாள் திரேஸ்புரத்துக்கு ஓடினார். கடல் சரியில்லாததால் மீனவர்கள் கரையில் சும்மாதான் இருந்தார்கள். அவருடைய சிநேகிதர் இனிகோ விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சங்கக் கட்டடம் நிறைய ஆள் திரட்டிக்கொண்டு வந்தார். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

வந்த அதிகாரியோ பேச்சுப் பிரியர். கத்தரிக்கு எது பெரிய தொந்தரவு என்று எடுத்த எடுப்பில் இனிகோவையே கேட்டார்.

"காத்துதான் சார். கச்சான் அடிச்சா கரையை விட்டு நகர முடியாது."

இவர் தோட்டம் கடலோரத்தில் இருக்கிறது என்று பெருமாள் குறுக்கே விழுந்தார். அதுவே வினையாயிற்று. அதிகாரி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, விளைந்தது கெடாமலிருக்க என்ன செய்வீர்கள் என்றார். உப்புப் போட்டுக் காயவைப்போம் என்றார் ஒருவர். கத்தரி வற்றலைச் சொல்கிறார் என்று பெருமாள் சமாளித்து முடிப்பதற்குள், பின்வரிசையில் ஒருவர் எழுந்து சீலாக் கருவாட்டுக்கு உப்புப் பக்குவம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதிகாரியும் சளைக்கவில்லை, வாளைக்கு அது போதாது என்று வாதாடினார். பேச்சு வலை, சுறா என்று எங்கேயோ போய்விட்டது. சங்கம் மூழ்கிவிட்டது என்று பெருமாள் சுவரில் சாய்ந்துவிட்டார்.

கடைசியில் அதிகாரி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவ்வளவு விவரமான விவசாயிகளை நான் பார்த்ததே இல்லை. அங்கீகாரம் உண்டு."

பெருமாளுக்குக் காதை நம்ப முடியவில்லை. இனிகோவைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. அதிகாரியின் ஜீப் கிளம்புமுன் டிரைவர் பெருமாளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஆருகிட்டயும் சொல்லிராதீய அண்ணாச்சி. தோட்டக்கலை ஐயா வீட்டுல இன்னைக்கு வளைகாப்பு, கையெழுத்தை அவரு போட்டுருவாரு. இவரு மீன்துறை ஐயா. கத்தரிக்காயப் பத்தி எதுவும் கேட்டுருவியளோன்னு வழியெல்லாம் நடுங்கிக்கிட்டே வந்தாரு."