மீடியம் இளைக்கக் கூடாது

"கையைத் தூக்குங்க, மீடியம்மா" என்றார் கட்டிங் மாஸ்டர்.

தூக்கினாள். இடது மார்பில் சுருக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. மாஸ்டர் நாடாவை அவள் மார்பைச் சுற்றிப் போட்டார், ஜன்னலைப் பார்த்தார், நாடாவை உருவிக்கொண்டார்.

"அதே அளவுதான்."

வருடக்கணக்காக அதே அளவுதான். சம்பளமே அதற்குத்தானே! பெண்கள் ஆபீசுக்குப் போட்டுப்போகிற சட்டைகள் தைக்கும் கம்பெனி அது. புதிதாக எந்தச் சட்டை தைத்தாலும் முதலில் அவள் உடம்பில் ஏறி இறங்க வேண்டும். தோள் பிடிக்கிறதா, கை தூக்கினால் இடுப்பு தெரிகிறதா, உட்கார்ந்தால் பட்டன் வாயைப் பிளக்கிறதா என்று அவள் சொல்ல வேண்டும். அவள்தான் அந்தக் கம்பெனியின் நடு அளவு. பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளி முதல் முதலாளியம்மா வரை எல்லாருக்கும் அவள் மீடியம்.

வேலைக்கு எடுத்த அன்றே முதலாளியம்மா சொல்லிவிட்டாள். "சிரி, அழு, கல்யாணம் பண்ணிக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல. அளவு மட்டும் மாறக் கூடாது."

அந்த அளவை மாற்றிக்கொள்ளத்தான் அவள் இப்போது நாள் குறித்துவிட்டு வந்திருந்தாள்.

விஷயம் இதுதான். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே, இளமையில், மார்பைப் பெரிதாக்க ஆபரேஷன் செய்து சிலிக்கான் வைத்துக்கொண்டவள் அவள். யாருக்காகவும் இல்லை, ஆசைப்பட்டாள், வைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு வருத்தமோ வெட்கமோ ஒரு நாளும் இருந்ததில்லை. இப்போது இடது பக்கம் சுற்றிலும் இறுகிக் கல்லாகிவிட்டது. லேடி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. ஆனா உள்ளேயே விட்டு வைக்க வேண்டாம். எடுத்துடலாம், இல்ல எடுத்துட்டுப் புதுசு வெக்கலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் கணவனிடம் கேட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"புதுசுக்கு எத்தனை வருஷம் வாரண்டி?" என்றான்.

"நான் என்ன லிஃப்டா?"

"கோவிச்சுக்காத. வேணும்னா மாத்து, வேண்டாம்னா கழட்டு. எதுன்னாலும் உனக்குப் பிடிச்சதா இருக்கட்டும். உள்ள வெச்சுக்கிட்டு வலியோட ஓட்டாத, அவ்வளவுதான்."

அவளுக்குப் பிடித்தது எதுவென்று அவளுக்குத் தெரியும். கட்டிலில் குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு வாரப் பத்திரிகை படிக்க வேண்டும். சிறு வயதில் அப்படித்தான் படிப்பாள். சிலிக்கான் வைத்த நாளிலிருந்து அந்தச் சுகம் போயே போய்விட்டது. எடுத்துவிடுவது, புதிதாக எதுவும் வைப்பதில்லை. முடிவில் துளி ஆட்டமில்லை.

கம்பெனியில் எப்படிச் சொல்வது என்பதுதான் ஆட்டம்.

திடீரென்று ஒரு நாள் சிறுத்துப்போய் வந்து நின்றால் சந்தேகம் வரும். முன்கூட்டியே தயார்ப்படுத்திவிட்டால்?

"மேடம், நான் டயட்ல இருக்கேன். உடம்பு கொஞ்சம் இளைக்கலாம்" என்றாள்.

முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "இளைக்கவா? நீ இளைச்சா ஊர்ல பாதிப் பொம்பளைங்களுக்குச் சட்டை மூச்சு முட்டும். யாரைக் கேட்டு இளைக்கற?"

மறுநாளிலிருந்து மாஸ்டரின் வெட்டறை மேசையில் அவளுக்கென்று வெண்ணெய் தடவிய பன், அவித்த முட்டை, வாழைப்பழம் என்று வரிசை கட்டின. அவள் எதையும் தொடவில்லை. ஆனால் மாலையில் தட்டு காலியாக இருக்கும். மாஸ்டர் வாயைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாட்டை வீணாக்கினா எனக்கு மனசு கேக்காது" என்பார்.

இந்த மாஸ்டரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். குள்ளமாக, உருண்டையாக, பஞ்சுத் தலையணைக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பார். மதியச் சாப்பாடு ஆனதும் வெட்டறைக் கதவைத் தாழ்போட்டுக்கொள்வார். "மூளையில கணக்கு ஓடற நேரம், யாரும் வராதீங்க." இஸ்திரி போடுகிற அக்கா மட்டும் தேய்த்த சட்டையோடு உள்ளே போகலாம். சாயங்காலம் மாஸ்டர் வெளியே வரும்போது அவருடைய சொந்தச் சட்டையில் நெஞ்சிலும் இடுப்பிலும் சாக்பீஸ் கோடுகள் இருக்கும். தொழில் பக்தி என்று எல்லாரும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

மீடியத்துக்கு அவர்மேல் தனிப் பாசம். அவள் சேர்ந்த புதிதில் போன முதல் சரக்கு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. மார்பு கூடாரம் மாதிரி நிற்கிறது என்று கடைக்காரர்கள் கத்தினார்கள். அவள் வேலை அன்றே போயிருக்கும். மாஸ்டர்தான், "விடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்குப்பிறகு ஒரு புகார் இல்லை. "உங்க சட்டை உக்கார்ற மாதிரி யாருதும் உக்கார்றதில்ல" என்று கடைகள் கொண்டாடின.

அப்பேர்ப்பட்ட சட்டைக்குத்தான் அந்த மாதம் கேடு வந்தது. புதிதாக வெட்டிய மீடியம் சட்டைகள் எல்லாம் இடுப்பில் தொளதொளவென்று இருந்தன.

முதலாளியம்மா ஓடி வந்தாள். "மீடியம், குண்டாயிட்டியா?"

"இளைக்கறேன்னு சொன்னாலும் திட்டறீங்க, இப்ப குண்டுன்னு திட்டறீங்க."

முதலாளியம்மா தன் கையாலேயே அளந்தாள். இடுப்பு அதே அளவுதான். நாடாவைச் சந்தேகப்பட்டு வேறு நாடா வாங்கிவரச் சொன்னாள். அதுவும் அதையே சொன்னது. மாஸ்டர் ஒரு மூலையில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டயட் கதை இனி எடுபடாது. மீடியம் வேறு வழி பார்த்தாள். சுளுக்குக்குக் கட்டுகிற அகலமான பேண்டேஜ் துணியை மார்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தாள். மாஸ்டரின் நாடா கொஞ்சம் குறைவாகக் காட்டும், அவரும் அதற்கேற்ப வெட்டுவார், நாளாக ஆக யாருக்கும் தெரியாமல் அளவு இறங்கிவிடும். மூளை என்றால் இதல்லவா மூளை என்று கண்ணாடி முன்னால் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

மாஸ்டர் நாடாவைப் போட்டார், ஜன்னலைப் பார்த்தார். "அதே அளவுதான்."

"நல்லாப் பாருங்க மாஸ்டர்."

"இத்தனை வருஷ சர்வீஸ் எனக்கு."

மறுநாள் இரண்டு சுற்று. "அதே அளவுதான்." அதற்கு மறுநாள் இன்னும் இறுக்கி, இன்னும் சுற்றி. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. "அதே அளவுதான்." இந்த மனிதருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு முழு பேண்டேஜையும் சுற்றிக்கொண்டு வந்தாள். அன்று பார்த்துத்தான் பெரிய கடையிலிருந்து கொள்முதல் அதிகாரி வந்தார்.

வழக்கமாக ஹேங்கரில் பார்த்துவிட்டுப் போகிறவர் அன்று, "யாராவது போட்டுக் காட்டுங்களேன்" என்றார்.

மீடியம் போட்டுக்கொண்டு வந்தாள். மார்பும் தோளும் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தன. அவளுக்கே ஆச்சரியம். அதிகாரி தலையாட்டினார். "இடுப்பு லூசு. மத்தபடி பிரமாதம். கொஞ்சம் நடங்கம்மா."

நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். அறையில் எல்லாரும் தரையையே பார்ப்பது எதற்கென்று முதலில் புரியவில்லை. பிறகு குனிந்து பார்த்தாள். சட்டையின் கீழிருந்து பேண்டேஜ் அவிழ்ந்து, வால் மாதிரி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

"இது டிசைன்ல சேர்த்தியா?" என்று கேட்டார் அதிகாரி.

மீடியம் வாலை நிதானமாகச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். போதும் இந்தக் கூத்து என்று தோன்றியது. நிமிர்ந்து நின்று, அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னாள்.

"மேடம், என் மார்புல இருக்கறது சிலிக்கான். இங்க வர்றதுக்கு முன்னாடியே வெச்சது. ஒண்ணு கல்லாயிடுச்சு. ரெண்டையும் எடுக்கப் போறேன். நாளும் குறிச்சாச்சு."

அதிகாரி அவசரமாக ஒரு காலரை ஆராயத் தொடங்கினார். முதலாளியம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உடம்புக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?"

"இல்ல மேடம்."

அப்படியா என்று மூச்சுவிட்ட முதலாளியம்மாவுக்கு அடுத்த மூச்சிலேயே வியாபாரம் ஞாபகம் வந்துவிட்டது. "அப்போ புதுசு வெச்சுக்கோயேன். அதே சைஸ்ல. செலவு கம்பெனியோடது. உன் உடம்ப நம்பித்தான்மா நம்ம மீடியமே நிக்குது."

மீடியம் யோசிக்கவே இல்லை. "கம்பெனி உங்களுது மேடம், உடம்பு என்னுது. வேலை வேண்டாம்னா சொல்லுங்க, போயிடறேன். ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள நான் குப்புறப் படுத்தே தீருவேன்."

மாஸ்டர் ஓசைப்படாமல் கதவைப் பார்த்து நகர்ந்தார். இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சலித்துக்கொண்டு சொன்னாள்.

"அவ எடுக்கட்டும் மேடம், நம்ம மீடியம் சைசுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த முதல் சரக்கு திரும்பி வந்ததிலேருந்து மதியானம் கதவைச் சாத்திக்கிட்டு மாஸ்டர் தானே போட்டுப் பாத்துத்தான் வெட்டறாரு, நீங்க அவருக்கு அந்த வெண்ணெய் பன்னை மட்டும் நிறுத்துங்க."