கெல்டிக் படித்த மகளும் கனடாச் சால்வையும்

ஹனோவர்,
12.06.2008

அன்பும் மதிப்பும் மிக்க குலசிங்கம் அத்தானுக்கு,

முருகேசு எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் இங்கே நலம். நலம் என்பது என் முழங்காலையும் தவமணியின் பிறஷரையும் கழித்தபின் மிஞ்சியிருக்கும் நலம். நீங்களும் அக்காவும் ஸ்காபறோவில் அதே அளவுக்காவது இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தப் பார்சலுக்குள் நீங்கள் அனுப்பிய பொன்னாடையைத் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் அனுப்பவில்லை, கோபப்பட எனக்கு இப்போது தெம்பில்லை. நடந்ததை அக்கா யாரிடமாவது அரைகுறையாகக் கேட்டு உங்களுக்கு முழுசாகச் சொல்லியிருப்பா. ஆகவே நானே எழுதுகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கோ.

மகள் ஜெயமலர் என்ன படித்தாள் என்று நீங்கள் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேட்பீர்கள், நானும் ஒவ்வொரு முறையும் "மொழி" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. பதின்மூன்று வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்த பிள்ளை, மருத்துவத்துக்கு இடம் கிடைத்த பிள்ளை, இரண்டாவது செமஸ்டரில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி ஏதோ ஒரு வகுப்புக்குள் போய் இருந்தாளாம். அங்கே ஒரு வயதான பேராசிரியர் நாலைந்து பேருக்குப் பழைய ஐரிஷ் மொழி படிப்பித்துக்கொண்டிருந்தாராம். மழை விட்டது, பிள்ளை எழும்பவில்லை. அவள் மருத்துவத்தை விட்டது எங்களுக்குத் தெரியவர இரண்டு வருடம் போனது. அதுவரை தாய்க்காரி தவமணி தன் பிறஷருக்கு அவளிடம்தான் ஆலோசனை கேட்டா, அவளும் உப்பைக் குறையுங்கோ என்று சொல்லிச் சமாளித்தாள். பிறகு அயர்லாந்தின் மேற்குக் கரையில் செம்மறி வளர்க்கிற ஒரு குடும்பத்தோடு ஒரு வருடம் தங்கிப் பேச்சைப் பழகினாள், பிறகு கலாநிதிப் பட்டம், பிறகு எங்கள் ஷோகேசில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பெரிய புத்தகம். அதில் நான் வாசித்து விளங்கிக்கொண்டது அவளுடைய பெயரை மட்டும்தான்.

ஐரிஷ், வெல்ஷ் என்று ஒரு மொழிக் குடும்பம் இருக்கிறது, அதற்குத்தான் கெல்டிக் என்று பெயர். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் ஐரிஷ் துறவிகள் கடல் கடந்து இந்தப் பக்கத்து மடங்களுக்கு வந்து, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்களாம். அலுப்பு வந்தபோது பக்கத்தின் ஓரத்தில் தங்கள் மொழியில் எதையாவது கிறுக்கி வைப்பார்களாம். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பக்கத்தின் நடுவைப் படிக்க, என் மகள் ஓரத்தைப் படித்தாள். சாதாரணச் சனம் வாயால் பேசிய ஐரிஷ் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்று உலகத்திலேயே முதலில் காட்டியவள் அவள்தானாம். அதைத் தேடிக்கொண்டிருந்தவர்களே உலகத்தில் ஒரு வான் வண்டி கொள்ளும் ஆட்கள்தான் என்பதையும் நான் மறைக்கவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்லை. இரண்டு வருடம் ஒரு ஊரில், ஒன்றரை வருடம் இன்னொரு ஊரில், ஒவ்வொரு முறையும் புது ஒப்பந்தம், புது வாடகை வீடு, என் முழங்காலில் அவளுடைய புத்தகப் பெட்டிகள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நான் இந்த நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் நீட்டிக்கிற ஒரு விசாக் கடுதாசியில் பல வருடம் சீவித்தவன். பிள்ளை ஜேர்மன் பாஸ்போட் எடுத்தபோது இனி எங்கள் வீட்டில் ஒருவரும் எதையும் நீட்டிக்கத் தேவையில்லை என்று தவமணி பால் பொங்கினா. கடைசியில் அவளும் என்னைப் போலவே நீட்டிப்புக்கு அலைகிறாள். இதற்குள் இந்த நாட்டில் ஒரு சட்டம் வேறு. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பல்கலைக்கழகத்தில் ஒருவரைத் தற்காலிகமாக வைத்திருக்கக்கூடாதாம். ஆகவே நிரந்தரமாக்குவார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜெயமலருக்கு இந்தப் புரட்டாதியோடு அந்தப் பன்னிரண்டும் முடிகிறது. இந்த நேரத்தில்தான் ஒரு பல்கலைக்கழகத்தில் கெல்டிக் பேராசிரியர் பதவி ஒன்று வந்தது. பெயரை எழுத வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அது தவறினால் வேறு ஒன்று வர இன்னொரு பேராசிரியர் ஓய்வு பெற வேண்டும், அந்தத் துறையில் அவர்கள் இலேசில் ஓய்வு பெறுவதில்லை.

பதவிக்கு முன் ஒரு பரீட்சை உரை, யாரும் வந்து கேட்கலாம். அதை அவள் போனில் போகிற போக்கில் சொன்னாள். "பத்துப் பேர் வந்தாப் பெரிய விசயம் அப்பா, காலி மண்டபத்திலைதான் கதைக்கோணும்" என்றாள். அத்தான், காலி மண்டபம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு நம்மில் யாரால் சும்மா இருக்க முடியும்? நான் ஏசியன் கடை வைத்திருக்கும் இளங்கீரனிடம் சொன்னேன், அவன் சங்கத்தில் சொன்னான், இரண்டு வான் நிறைந்துவிட்டது. அந்தக் கிழமைதான் நீங்களும் கனடாவிலிருந்து போன் எடுத்தீர்கள். "சபைத் தலைவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தாமல் என்ன நிகழ்ச்சி முருகேசு? என்னட்டை வீட்டிலை நிறையக் கிடக்கு, ஒண்டு அனுப்பிவிடுறன்" என்று சொன்னது நீங்கள்தான். குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மாசி மாதம், வெளியே பனி. நாங்கள் நேரத்தோடு போய் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டோம். அது தெரிவுக் குழுவுக்கு ஒதுக்கிய இடம் என்று எழுதி ஒட்டியிருந்ததை இளங்கீரன் நாற்காலியின் பெயர் என்று நினைத்தானாம். குழு பின்வரிசைக்குப் போனது. முதலில் பேசியவர் மகளுக்குப் போட்டியாக வந்த ஒரு பெடியன். அது எங்களுக்குத் தெரியாது, அவருக்கும் நன்றாகக் கைதட்டினோம், இடைவேளையில் றோல்ஸும் கொடுத்தோம். இரண்டு சாப்பிட்டார், நல்ல பெடியன். பிறகு ஜெயமலர் உள்ளே வந்தாள். முன்வரிசையில் கோட்டும் மடியில் சரிகைச் சால்வையுமாக என்னைக் கண்டதும் அவள் முகத்தில் இரத்தமில்லை. நான் அதைப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குத் தைரியம் கொடுக்க எழும்பிப் பின்வரிசைக்குப் போய், குழுத் தலைவர் பேராசிரியர் ஓல்டர்மனுக்குப் பொன்னாடையைப் போர்த்தினேன். அவர் வெட்கத்தில் நெளிகிறார் என்று எங்கள் ஆட்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிற மனிதருக்கு, வேலை கேட்கிற பிள்ளையின் தகப்பன், எல்லாருக்கும் முன்னால் சரிகை வைத்த துணி கொடுத்திருக்கிறான். அது பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை அத்தான். நீங்களும் யோசிக்கவில்லை.

ஆனாலும் அவள் பேசினாள். ஒரு துறவி ஓரத்தில் எழுதியதை முதலில் ஐரிஷிலும் பிறகு ஜேர்மனிலும் வாசித்தாள். "விரல் விறைக்கிறது. இன்றைக்கும் அதே கூழ். ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், எனக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை." எண்பத்துநாலாம் ஆண்டுப் பனிக்காலத்தில் அகதி முகாமிலிருந்து நான் உங்களுக்கு எழுதிய கடிதம் கிட்டத்தட்ட இதேதான். இவ்வளவு காலம் பிள்ளை யாரோ அந்நியரின் கதையைப் படிக்கிறாள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உரை முடிந்ததும் குழுவினர் மேசையில் டொக்டொக்கென்று குட்டினார்கள். "அண்ணை, பிழைச்சுப்போச்சு போல, மேசையிலை அடிக்கினம்" என்றான் இளங்கீரன். அதுதான் இவர்களுடைய கைதட்டு என்று ஒரு மாணவி சொன்னபிறகு நாங்களும் குட்டினோம், றோல்ஸ் தட்டு கீழே விழுந்தது.

அடுத்த கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து எனக்குக் கடிதம். பேராசிரியர் அன்பளிப்பு வாங்கக்கூடாது, வாங்கினால் அறிவிக்க வேண்டும், விளக்கம் வரும்வரை ஜெயமலரின் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது, நீங்கள் நேரில் வரவேண்டும் என்று நாளும் நேரமும் குறித்து டெர்மின் போட்டிருந்தார்கள். அன்று முதல் மகள் என்னோடு ஜேர்மனில் மட்டும் பேசினாள். அவளுக்குக் கடும் கோபம் வந்தால் அப்படித்தான். ஏசினால்கூடப் பரவாயில்லை, அவள் எனக்கு மரியாதைப் பன்மை போட்டாள், ஜேர்மனில் அதை அந்நியருக்குத்தான் போடுவார்கள். மூன்று கிழமை இதைத் தாங்கிக்கொண்டு நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன், மகளும் கூட வந்தாள். பொன்னாடைக்கு என்ன அர்த்தம் என்று அங்கே சட்டம் பார்க்கிற ஒரு அம்மா கேட்டா. ஒரு அர்த்தமும் இல்லை, எங்கள் ஆட்களில் முன்னால் இருப்பவர் யாராயிருந்தாலும் போர்த்துவோம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நீங்கள் வாழ்நாள் முழுவதும் வாங்கிய அத்தனை பொன்னாடைக்கும் சேர்த்துத்தான் வைத்தேன், மன்னியுங்கோ. "அப்போ இதன் பெறுமதி?" என்று அவ அடுத்ததைக் கேட்டா.

அப்போது ஜெயமலர் மேசையில் கிடந்த சால்வையை எடுத்தாள். வேலைப் பழக்கம், எதைக் கொடுத்தாலும் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பாள். உள்பக்க ஓரத்தில் ஒரு சின்னத் துணித்துண்டு தைத்திருந்தது. அதைச் சத்தமாகத் தமிழில் வாசித்தாள்: "சமூகச் செம்மல் குலசிங்கம் அவர்களுக்கு, ஸ்காபறோ, 2001." மூன்று கிழமைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் உங்கள் பெயர்தான் அத்தான். பிறகு அதை மொழிபெயர்த்து, இது ஏற்கெனவே ஒருவருக்குப் போர்த்தி, அவர் பாவித்து, கை மாறி வந்த துணி, இதற்குச் சந்தைப் பெறுமதி கிடையாது என்று அடிக்குறிப்புகளோடு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அந்த அம்மா அதை வாசித்து, "பழந்துணி" என்று பதிந்துகொண்டு சால்வையை என்னிடமே திருப்பித் தந்தா. விண்ணப்பம் திரும்பவும் நடக்கத் தொடங்கியது. வெளியே வந்ததும் மகள் மறுபடி ஜேர்மனுக்கு மாறிவிட்டாள், இன்றுவரை அதில்தான் நிற்கிறாள்.

நீங்கள் புதுச் சால்வை அனுப்பியிருந்தால் பிள்ளையின் சீவியம் போயிருக்கும். ஆகவே உங்கள் சிக்கனத்துக்கு நன்றி. ஆனால் இனி எனக்குப் போதும். முடிவு இன்னும் வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் களைத்துவிட்டது. இனிமேல் நான் எந்த மண்டபத்துக்கும் ஆள் சேர்க்கமாட்டேன், யாருக்கும் எதையும் போர்த்தமாட்டேன், நீங்களும் தயவுசெய்து எங்களுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். அக்காவுக்கு என் அன்பு. அவவின் இடுப்பு வலிக்குத் தவமணி நல்லெண்ணெய் பூசச் சொல்கிறா. நல்லூர்க் கந்தன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் வீட்டிலே கொஞ்சம் வெற்றிடத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
அலுத்துப்போன உங்கள் மைத்துனன்,
முருகேசு

பி.கு.: பார்சலை ஒட்டிவிட்டுத் தபாற்கந்தோருக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "அப்பா, கிடைச்சிட்டுது. நிரந்தரம்." தமிழில் சொன்னாள். நான் கதிரையில் இருந்துவிட்டேன், தவமணி பாலைத் தேடிக் குசினிக்கு ஓடிவிட்டா. "அந்தச் சால்வை எங்கை அப்பா?" என்று கேட்டாள். கனடாவுக்கு அனுப்பப் போறன் என்றேன். "அனுப்பாதேங்கோ, அது எனக்கு வேணும். ஓரத்துத் துண்டை வெட்டிப்போடாதேங்கோ" என்றாள். ஆகவே பார்சலைப் பிரித்துச் சால்வையை எடுத்துவிட்டேன், உங்களுக்குக் கடிதம் மட்டும்தான் வருகிறது. அவளுடைய முதல் விரிவுரைக்கு இளங்கீரன் இதற்குள் மூன்று வான் பிடித்துவிட்டான். முடிவு வந்தபிறகு போர்த்தினால் அது லஞ்சமாகாதாம், சட்ட அம்மாவுக்கு இப்போதுதான் போன் எடுத்துக் கேட்டேன், பழந்துணியாக இருந்தால் போதுமாம். ஓல்டர்மனுக்கு ஒன்று, அந்த அம்மாவுக்கு ஒன்று, றோல்ஸ் சாப்பிட்ட பெடியனுக்கு ஒன்று, உடனே அனுப்புங்கோ அத்தான். துண்டுகளைக் கழற்ற வேண்டாம், ஓரத்தை வாசிக்க இங்கே ஒரு பேராசிரியை இருக்கிறாள்.