வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஆள்

"வெள்ளிக்கிழமை லீவா? சான்ஸே இல்ல. ஆடிட் வாரம்ப்பா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார் சூப்பர்வைசர் ராஜசேகர்.

ஓசூரில் 'அட்ஜஸ்ட்' என்ற இந்த ஒரு வார்த்தை தெரிந்தால் போதும், தமிழ், கன்னடம், தெலுங்கு எதுவும் தெரியாமலே காலம் தள்ளிவிடலாம். பஸ் கண்டக்டர் சொன்னால் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர். மெஸ்காரர் சொன்னால் சாம்பாரில் தண்ணீர். ஃபிட்டர் சொன்னால் மெஷின் தலையில் சுத்தியலால் ஓர் அடி. வீட்டு ஓனர் கன்னடத்தில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றால் தண்ணீர் வராது, இன்றைக்குக் குளியல் கிடையாது. சூப்பர்வைசர் சொன்னால் லீவு கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் மட்டும் ஒரே ஆள், நல்லுசாமி.

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. லீவு கிடைக்காமலே இரண்டு சம்பந்தம் கை நழுவியாயிற்று. மூன்றாவது பெண்ணை வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மூக்கண்டப்பள்ளியில் பார்ப்பதாக ஏற்பாடு. அம்மா லட்சுமியம்மாள் துறையூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் தடவையும் லீவு இல்லன்னு சொன்னே, அந்த மெஷினுக்கே தாலியக் கட்டிக்க. நான் ஊருக்குக் கெளம்பிருவேன்."

பெண் பெயர் மோகனப்ரியா, கம்பெனி வேலை, தங்கமான குணம் என்றார் தரகர். ஓசூரில் கம்பெனி வேலை என்பதெல்லாம் ஓர் அடையாளமா என்ன? எந்தக் கம்பெனி என்று நல்லுசாமி கேட்கவும் இல்லை.

கெஞ்சிய கெஞ்சலில் ராஜசேகர் இறங்கி வந்தார். "காலை ஷிப்டுக்கு உன் டேபிள்ல யாரையாவது உக்கார வெச்சுட்டுப் போ. ஆள் இருந்தா சரி. யாருன்னு நான் கேக்கல."

கூட வேலை பார்க்கும் அஸ்வினுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. "தாராளமா வர்றேண்ணா. பதிலுக்கு ஞாயித்துக்கிழமை என் டூட்டிய நீங்க பாருங்க."

நல்லுசாமி குளிர்ந்து போனான். புதன்கிழமை அஸ்வின் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அண்ணா, தளில அக்கா வீட்டு விசேஷம். கவலப்படாதீங்க, ஜெகதீஷ அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்."

"அப்ப என் ஞாயித்துக்கிழமை?"

"ஆள் புடிச்சுக் குடுத்தேன்லண்ணா? அது அப்படியே இருக்கட்டும்."

ஜெகதீஷ் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வியாழக்கிழமை காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பல் புடுங்கணும்ண்ணா. பேக்கிங் முத்துமணிகிட்ட சொல்லிட்டேன்."

முத்துமணி கேட்டது தீபாவளிக்கு மறுநாள் டூட்டி. பாவி மனுஷன் நல்லுசாமி அதற்கும் சரி என்றான். அன்று சாயங்காலமே முத்துமணியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, நாளைக்கு நான் வர முடியாது போல..."

"அய்யய்யோ! என் தலையில கல்லத் தூக்கிப் போடாதடா!"

"பதறாதீங்க. ரெண்டாவது யூனிட்ல இருந்து ஒருத்தர் வர்றாங்க. உங்க கதையச் சொல்லிக் கண்ணுல தண்ணி வர வெச்சுட்டேன்ல!"

"யாருடா அது?"

"யாரா இருந்தா என்னண்ணா? உங்க டேபிள்ல ஆள் இருக்கும்."

இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கே ராஜசேகர் போன் செய்துவிட்டார். "ஆள் வந்தாச்சு. உன்னவிட வேகமா வேலை ஓடுது. மெதுவா பொண்ணப் பாத்துட்டு வா." நல்லுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினான்.

பத்தரைக்கு மல்லிகைப் பூ, ஆப்பிள், ஸ்வீட் பாக்ஸ் சகிதம் பெண் வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். கேசரி வந்தது. காபி வந்தது. இரண்டாம் முறையும் காபி வந்தது. பெண் மட்டும் வரவில்லை.

"பொண்ணக் கூப்புடுங்களேன்" என்றாள் லட்சுமியம்மாள்.

பெண்ணின் அப்பா ஃபேனைப் பார்த்தார். "அது வந்துங்க... மூணு மணி ஆயிடும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு வீட்ல இல்லாத பொண்ணா! எந்திரிடா நல்லு!"

மூன்றாவதும் போச்சு. நல்லுசாமி ஸ்வீட் பாக்ஸை வைப்பதா, எடுத்துக்கொண்டு போவதா என்று தடுமாறியபோது, காபி டம்ளர்களை எடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சுகுணாவுக்கு மனசு கேட்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அவ கம்பெனில யாரோ ஒருத்தருக்கு லீவே கெடைக்காம ரெண்டு சம்பந்தம் தட்டிப் போச்சாம். இன்னிக்கு மூணாவதாப் பொண்ணு பாக்கப் போறாராம். பாவம், அவருக்கு இதாவது அமையட்டும்னு இவ அவரு டேபிளுக்கு டூட்டி பாக்கப் போயிருக்கா!"