மொட்டை மாடிக்கு வந்த காற்று மெஷின்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

மச்சான், நம் தெரு பாஸ்! உடம்பு கெடாமல் மனுஷன் வாழ வேண்டுமானால் காற்றில் தூசி இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று நாடு முழுமைக்கும் அரசாங்கம் ஒரு கோடு போட்டிருக்கிறதல்லவா, அந்தக் கோட்டுக்கு எங்கேயோ கீழே நிற்கிறோம்!

தெருமுனை இரும்புப் பட்டறையின் புகையால் உங்கள் தங்கைக்கு இழுப்பு வருவது தாங்கள் அறிந்ததே. அவள்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் செய்தாள். தூசி அந்தக் கோட்டைத் தாண்டினால் பட்டறைக்காரர் புகைபோக்கிக்கு வடிகட்டி மாட்டியே தீர வேண்டுமாம். அதிகாரி ஒருவர் வந்து, எங்கள் மொட்டை மாடிதான் தோது என்று சொல்லி, காற்றுத் தூசியை அளக்க பீரோ உயரத்துக்கு ஒரு மெஷினை நிறுத்திவிட்டுப் போனார். அரசாங்கம் என் வீடு தேடி வந்தது இதுதான் முதல் தடவை, எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்த பெரிய மனுஷரைத் தூசியிலா நிற்க வைப்பது? விடிந்ததும் மாடியைக் கழுவினேன், மெஷினைச் சுற்றிக் கொடிக்கயிறு கட்டி ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டேன், பட்டறையில் புகை கிளம்பினால் குடையை விரித்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சிகரெட்டோடு தன் மாடிக்கு வந்தால், "யோவ், மெஷின் பாக்குதுய்யா, கீழ போய் ஊது!" என்று விரட்டினேன். படியேற முடியாத உங்கள் தங்கை கீழேயிருந்து, "என்னங்க, மேல என்ன உருட்டுறீங்க?" என்பாள். "எல்லாம் உனக்காகத்தான்!" என்பேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன் மச்சான்.

முடிவைக் கொண்டுவந்த அதிகாரிக்கே நம்ப முடியவில்லை. "சார், மலை உச்சியிலகூட இவ்ளோ சுத்தமான காத்து இல்ல சார்!" நான் மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அவர் போனதும் பட்டறைக்காரர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணே, வடிகட்டி வேணாம்னுட்டாங்கண்ணே! நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்!" என்றார். அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது. பின்னால் உங்கள் தங்கை.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

சொன்னேன். சாக்கு, குடை, எல்லாவற்றையும்.

"மெஷினுக்கு இழுப்பு வந்துடக் கூடாதுன்னு பாத்துக்கிட்டீங்க. எனக்கு?"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மூச்சில்லாமல் நிறுத்தினாள் என்று நினைத்தேன். இல்லையாம், என் மூஞ்சி பிடிக்கவில்லையாம். என்ன இருந்தாலும் பாஸ் பாஸ்தானே மச்சான்? தாங்கள் குடும்பத்தோடு இங்கே வந்து, அரசாங்கமே ஒப்புக்கொண்ட இந்தக் காற்றை நாலு நாள் சுவாசித்து, அவளிடம் எனக்காக நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு நெஞ்சு நிறைய மூச்சும் உரித்தாகுக.

தங்கள் அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: வர வேண்டாம்! மேலே உள்ள எதையும் நம்பவும் வேண்டாம். தபால் உறை வாங்க மறந்து இந்தக் கடிதம் மேசையில் கிடந்த நாள்களில், உங்கள் தங்கை சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறி, அதிகாரியை வரவழைத்துச் சாக்குகளைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். பழைய முடிவு செல்லாதாம். மெஷினைத் தையல்காரர் மாடியில் வைத்து முதலிலிருந்து அளந்தார்கள். நம் தெரு ஃபெயில் மச்சான், படுதோல்வி! பட்டறைக்குப் புகை வடிகட்டி வந்து இறங்கியிருக்கிறது. நான் போய் ஏணியைப் பிடிக்க வேண்டும், உங்கள் தங்கையின் உத்தரவு.