சோற்றுக்குப் பின்னால் வந்த சாமி

தின்றதைத் திரும்ப மெல்லுவது மாடு மட்டுமில்லை, நானும்தான். (மாடு பாலாவது கொடுக்கும்.) சாப்பிட்ட பத்தாவது நிமிடம் சோறு சத்தமில்லாமல் வாய்க்குத் திரும்பிவிடும். வலியில்லை, வாந்தியுமில்லை; மென்று விழுங்கிவிடுவேன்.

நுவரெலியாவில் வயிற்று டாக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு என்னை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். வயிற்றைக் காட்டப் போனவனுக்கு மண்டைக்குச் சீட்டு! அங்கே பயிற்சி சொல்லித்தரும் மிஸ்தான் விளக்கினார்: "வயிறு தானா இறுக்கிப் பழகிருச்சு தம்பி. வரப்போகுதுன்னு பயந்தா இன்னும் இறுக்கும். சாப்பிட்டதும் பதினஞ்சு நிமிஷம் வயித்துல கை வச்சு, வயிறு உப்புற மாதிரி மெதுவா மூச்ச இழுத்து விடுங்க. இறுக்கவும் உப்பவும் ஒரே நேரத்துல அதால முடியாது."

எட்டாம் வகுப்புவரை எதுவும் ஏறாத மண்டையில் இது ஏறிவிட்டது.

பயிற்சி தொடங்கிய மூன்றாவது வாரம் நோர்வூட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். கௌசல்யாவை நான் ஏற்கெனவே பஸ்ஸில் பார்த்து வைத்திருந்தேன். அவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்ற நிலை. வழியெல்லாம் அம்மாவுக்கு ஒரே பாட்டு: "நோவுன்னு வாயத் தொறந்த, பொண்ணு கெடைக்காது. போட்டதத் தின்னுட்டுப் பேசாம இரு."

போட்டார்கள். கோழிக்கறி, மறுசோறு, மறுபடியும் மறுசோறு. வேண்டாம் என்றால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தமாகிவிடும். தின்றேன். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, வயிற்றில் கை வைத்து ஆரம்பித்தேன். "ஹ்ம்ம்ம்... ஹூஊஊ..."

பெண்ணின் தாய்மாமன் தேயிலைத் தோட்டத்துக் கோயில் பூசாரி. என்னை உற்றுப் பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

"அடியே, மாப்பிள்ளைக்குச் சாமி வருது! சூடத்தக் கொண்டா!"

அம்மா மறுக்க வாயைத் திறந்தார். மறுத்தால் நோவு வெளியே வந்துவிடுமே என்று மூடிக்கொண்டார். அதற்குள் என் நெற்றி நிறையத் திருநீறு.

"வாக்கு குடுங்க சாமி. எங்க புள்ளயக் குடுக்கலாமா?"

உண்மையைச் சொல்ல அருமையான நேரம். நான் குரலைக் கனமாக்கி, "குடுங்கடா..." என்றேன். பூசாரி என் காலில் விழுந்தார்.

அதைப் பார்த்துச் சிரிப்பு முட்டியது. அடக்கப் போய் வயிறு இறுகியது. கோழியும் சோறும் மேலே வந்து கன்னம் இரண்டும் உப்பின. எல்லாரும் கும்பிட்டபடி நிற்க, சாமி மென்றது.

கதவோரத்திலிருந்து கௌசல்யா கேட்டாள்: "ஏன் மாமா, சாமி என்னத்த மெல்லுது?"

அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் வரவில்லை. நோவு, மிஸ், மூச்சு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் (சோற்றைத் தவிர). அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கௌசல்யா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "இன்னும் எத்தன நிமிஷம் பாக்கி?" என்றாள்.

"ஏழு."

"அத முடிங்க மொதல்ல. கல்யாணப் பேச்சு பெறகு."

பேச்சும் முடிந்தது, கல்யாணமும் முடிந்தது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அவள் ஃபோனில் நேரம் பார்க்க, சோறு போன இடத்திலேயே இருக்கப் பழகிவிட்டது. ஆனால் பூசாரி மாமா இன்றுவரை ஆஸ்பத்திரிக் கதையை நம்பவில்லை. போன மாதம் நோர்வூட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவித் திரும்பினால், வாசலில் நாலு பேர். ஒருத்தருக்கு ஆடு காணோம். இன்னொருத்தர் மகனுக்கு டுபாய் விசா வரவில்லை.

நான் பின்கதவால் நழுவப் பார்த்தேன். அதற்குள் கௌசல்யா வாசலுக்குப் போய்விட்டாள்.

"ஒக்காருங்க. கோழி இப்பதான் உள்ள எறங்கிருக்கு. சாமி வரப் பத்து நிமிஷம் ஆகும்."